கன்னியாகுமரியிலிருந்து திப்ருகர் வரை: ஏழு நண்பர்கள், மூன்று இரவுகள், ஒரே வண்டி

கேட்டது இதுதான்: நாகர்கோவிலில் நான்கு பேர், கோயம்புத்தூரில் மூன்று பேர், கல்லூரியில் ஒன்றாகப் படித்தவர்கள். கன்னியாகுமரியிலிருந்து அசாமின் திப்ருகருக்குப் போகும் விவேக் எக்ஸ்பிரஸில் முதல் ஸ்டேஷனிலிருந்து கடைசி ஸ்டேஷன் வரை போக ஆசை. ஸ்லீப்பரா ஏசியா, டிக்கெட்டை எப்படிப் போடுவது, மூன்று நாள் வண்டிக்குள்ளேயே கிடந்தால் சலித்துப் போகாதா, வழியில் எங்காவது இறங்கிவிட்டு ஏறலாமா?

அந்த வண்டியில் இரண்டு முறை முழுத் தூரம் போயிருக்கிறேன். ஒருமுறை தனியாக, ஒருமுறை பள்ளிக்கூடத்து நண்பர்கள் ஐந்து பேரோடு. தனியாகப் போனபோது சலிக்கவில்லை. நண்பர்களோடு போனபோது மூன்றாம் நாள் மதியம் எனக்கும் சலித்தது, ஒரு சின்ன சண்டையும் வந்தது. அதனால் சலிப்பைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். முதலில் டிக்கெட். ஏழு என்ற எண்ணிக்கையே உங்களுக்கு ஒரு சிக்கல்.

அதற்கும் முன்னால் வண்டியைப் பற்றி இரண்டு வரி. விவேகானந்தர் பிறந்த 150ஆவது ஆண்டை ஒட்டி அறிவித்த நான்கு விவேக் எக்ஸ்பிரஸ்களில் இது ஒன்று, 2011 நவம்பரில் ஓடத் தொடங்கியது. தூரம் ஏறக்குறைய 4,190 கிலோமீட்டர், நேரம் ஏறக்குறைய 75 மணி. இந்தியாவில் இதைவிட நீளமாக ஓடும் பயணிகள் வண்டி கிடையாது. மாலையில் கன்னியாகுமரியில் கிளம்பினால் நான்காம் நாள் இரவுதான் திப்ருகர். எண் 22503. பெயரை மட்டும் பார்த்து முன்பதிவு செய்துவிடாதீர்கள். தூத்துக்குடியிலிருந்து குஜராத்தின் ஓகாவுக்குப் போவதும் விவேக் எக்ஸ்பிரஸ்தான்.

சரி, டிக்கெட். ஒரு டிக்கெட்டில் ஆறு பேர்தான் போட முடியும். ஏழு பேர் என்றதும் எல்லோரும் ஆறும் ஒன்றுமாகப் பிரிப்பார்கள். அந்த ஒருவர் எங்கோ நான்கு பெட்டி தள்ளி, யாருடைய குறட்டையையோ கேட்டுக்கொண்டு வருவார். நீங்கள் நான்கும் மூன்றுமாகப் பிரியுங்கள். ஊர்க்கணக்கும் அப்படியே அமைந்திருக்கிறது. ஏறும் இடத்தை ஒரு டிக்கெட்டில் உள்ள எல்லோருக்கும் சேர்த்துத்தான் மாற்ற முடியும், ஆளுக்கு ஒன்றாக மாற்ற முடியாது. ஆகவே நாகர்கோவில் நால்வருக்கு ஒரு டிக்கெட், கோவை மூவருக்கு ஒரு டிக்கெட்.

கோவைக்காரர்கள் கோயம்புத்தூரிலிருந்து போடத் தேவையில்லை. கன்னியாகுமரியிலிருந்து திப்ருகர் வரை என்றே போட்டு, ஏறும் இடத்தை மட்டும் கோயம்புத்தூர் என்று கொடுங்கள். காரணம் உண்டு. வண்டி புறப்படும் இடத்திலிருந்து கடைசி வரை போகிறவர்களுக்கான பொது ஒதுக்கீட்டில்தான் இடங்கள் அதிகம், வெயிட்டிங் லிஸ்ட் நகர்வதும் அதில்தான் வேகம். நடுவில் ஏறுகிறவர்களுக்கு ஒதுக்கிய இடங்கள் குறைவு. பணம் கூடுமே என்று கேட்பீர்கள். ரயில் கட்டணம் தூரம் கூடக்கூடக் கிலோமீட்டருக்குக் குறைந்துகொண்டே போகும். நாலாயிரம் கிலோமீட்டர் டிக்கெட்டில் கூடுதலாக ஐந்நூறு கிலோமீட்டருக்கு விழும் பணம் கொஞ்சம்தான். ஆனால் ஏறும் இடத்தை மாற்ற மறந்துவிட்டால் கன்னியாகுமரியில் ஏறாத ஆள் என்று டிடிஆர் குறித்துவிடுவார், அந்த பெர்த் ஆர்ஏசியில், அதாவது பாதி இடத்தோடு காத்திருப்பவருக்குப் போய்விடும்.

முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்னால்தான் திறக்கிறது. 2024 அக்டோபர் வரை அது 120 நாள். காலை 8 மணிக்கு இரண்டு பேர் இரண்டு கணக்கில் ஒரே நேரத்தில் உட்காருங்கள், ஆதார் இணைத்த கணக்காக இருக்கட்டும். விவரம் நிரப்பும்போது விரும்பும் பெட்டி எண் கேட்கும். இரண்டு பேரும் ஒரே எண்ணைக் கொடுங்கள், மூன்றாம் ஏசியில் பி2 பெட்டி என்றால் இரண்டிலும் பி2. கிடைக்கும் என்று உத்தரவாதம் இல்லை, ஆனால் கேட்காமல் விட்டவனுக்கு நிச்சயமாகக் கிடைக்காது. எல்லா பெர்த்தும் ஒரே பெட்டியில் கிடைத்தால் மட்டும் பதிவு செய் என்றும் ஒரு தேர்வு இருக்கிறது, அதையும் தட்டிவிடலாம்.

வெயிட்டிங் லிஸ்டில் போட்டுவிட்டு ‘ஏறிப் பார்த்துக்கொள்ளலாம்’ என்று நினைப்பது அந்தக் காலம். இணையத்தில் எடுத்த டிக்கெட் முழுவதும் வெயிட்டிங்கிலேயே நின்றால் சார்ட் என்னும் கடைசிப் பயணிகள் பட்டியல் தயாரானதும் தானாக ரத்தாகிவிடும். 2025 மே மாதத்திலிருந்து வெயிட்டிங் டிக்கெட்டோடு ரிசர்வேஷன் பெட்டியில் ஏறுவதற்குக் கண்டிப்பும் கூடிவிட்டது. ஆர்ஏசி என்றால் ஒரு சைடு லோயரில் இரண்டு பேர். எட்டு மணி நேரத்துக்கு அது பரவாயில்லை, 75 மணி நேரத்துக்கு வேண்டாம். தட்கலில் ஒரு டிக்கெட்டுக்கு நான்கு பேர்தான், கிளம்புவதற்கு முந்தின நாள்தான் திறக்கும், உறுதியான தட்கலை ரத்து செய்தால் பணம் திரும்பாது. ஏழு பேர் பயணத்தைத் தட்கலை நம்பித் திட்டமிடுவது, பந்திக்கு ஆள் உட்கார்ந்த பிறகு அரிசி வாங்கப் போவது மாதிரி.

எந்த மாதம் போவது என்பதுதான் டிக்கெட்டில் பெரிய விஷயம். இங்கேதான் இந்த வண்டி உண்மையில் யாருடையது என்று தெரிந்துகொள்ள வேண்டும். பயண ஆசையில் ஏறுகிறவர்கள் இதில் விரல்விட்டு எண்ணும் அளவுதான். ஆலுவாவிலும் கோவையிலும் திருப்பூர்ப் பக்கத்திலும் ஏறும் பெரும்பாலானவர்கள் ஒடிசா, வங்கம், வடக்கு பீகார், அசாம் என்று ஊருக்குப் போகும் தொழிலாளிகள். பெரும்பாவூர் பிளைவுட் மில், திருப்பூர் பனியன் கம்பெனி, கட்டட வேலை, ஓட்டல் வேலை. வருடத்துக்கு ஒருமுறையோ இரண்டுமுறையோ வீட்டுக்குப் போகிறவர்கள். அவர்களுடைய பண்டிகைதான் இந்த வண்டியின் தீபாவளிக் கூட்டம். ஏப்ரல் நடுவில் அசாமியரின் ரொங்காலி பிஹு, செப்டம்பர் – அக்டோபரில் துர்கா பூஜை, அதை ஒட்டித் தீபாவளி, பீகாரியரின் சட் பூஜை, அப்புறம் இரண்டு ஈத். அங்கே தேர்தல் நடந்தாலும் அப்படித்தான். இந்த நாட்களை ஒட்டிய இரண்டு வாரத்தைத் தொடாதீர்கள். டிக்கெட் கிடைக்காது என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. வீட்டுக்குப் போகிறவனுக்கு வேண்டிய ஏழு பெர்த்தை வேடிக்கை பார்க்கப் போகிற நாம் அந்த வாரத்தில் அடைத்துக்கொள்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஜூன் முதல் செப்டம்பர் வரை அசாமில் வெள்ளக் காலம், தண்டவாளத்தில் தண்ணீர் ஏறினால் வண்டி எங்கே நிற்கும் என்று சொல்ல முடியாது. பண்டிகை முடிந்த நவம்பர், பொங்கலுக்குப் பிறகான ஜனவரிக் கடைசி, பிப்ரவரி இவை நல்ல மாதங்கள். நாங்கள் போனது நவம்பர் பாதிக்கு மேல்.

ஸ்லீப்பரா ஏசியா? ஏழு பேரும் ஒரே வகுப்பில் போங்கள் என்பதுதான் என் முதல் பதில். இரண்டு பேர் ஏசி, ஐந்து பேர் ஸ்லீப்பர் என்று பிரிந்தால் ஸ்லீப்பர் டிக்கெட்காரர் ஏசியில் வந்து உட்கார முடியாது. பணம் உள்ளவன் இல்லாதவன் என்ற பேச்சு மூன்று நாள் வாய்க்குள் வராமல் வண்டிக்குள் சுற்றும். மூன்றாம் ஏசி ஏறக்குறைய ஸ்லீப்பரைப் போல இரண்டரை மடங்கு. யாராவது ஒருவருக்கு அது பாரமென்றால் எல்லோரும் ஸ்லீப்பர், பேச்சு முடிந்தது.

பணம் தடையில்லை என்றால் மூன்றாம் ஏசியே போதும். ஜன்னல் திறக்காது, காற்று வராது, நடைமேடையின் சத்தமும் பஜ்ஜி வாசனையும் கண்ணாடிக்கு வெளியே நின்றுவிடும். இதெல்லாம் எனக்கும் குறைதான். ஆனால் இரண்டாம் நாள் மதியம் ஆந்திர வெயிலில் ஸ்லீப்பர் பெட்டி அடுப்பாகிவிடும், நான்காம் நாள் விடியலில் வடக்கு வங்கத்துக் குளிர் ஜன்னல் இடுக்கில் வரும். ஸ்லீப்பரில் போவதானால் ஆளுக்கு ஒரு கனமான போர்வை கட்டாயம். ஏசியில் கம்பளி, விரிப்பு, தலையணை கொடுப்பார்கள். இரண்டாம் ஏசி வேண்டாம். நான்கு பேருக்கு ஒரு திரை, அந்தப் பக்கம் இரண்டு பேருக்கு ஒரு திரை. அரட்டை அடிக்கப் போகிறவர்களுக்குத் திரை ஆகாது.

பெர்த் எண்ணைப் பார்த்ததும் இடத்தைச் சொல்லும் கணக்கு ஒன்று இருக்கிறது. ஸ்லீப்பரிலும் மூன்றாம் ஏசியிலும் ஒரு தடுப்புக்கு எட்டு பெர்த். எண்ணை எட்டால் வகுத்து மீதியைப் பாருங்கள். மீதி 1, 4 என்றால் லோயர். 2, 5 மிடில். 3, 6 அப்பர். 7 சைடு லோயர். மீதி இல்லாமல் போனால் சைடு அப்பர். ஆக 33 என்றால் லோயர், 40 என்றால் சைடு அப்பர். உங்கள் நான்கும் மூன்றும் ஒரே தடுப்பில் விழுந்தால் எட்டாவதாக ஒரே ஒரு வெளியாள், பாவம் அவர். இரண்டு தடுப்பில் சிதறி விழுந்தால் மாற்றிக்கொள்ளக் கேட்கலாம். அதற்கு ஒரு நுணுக்கம் இருக்கிறது. எங்களிடம் இருக்கும் லோயரை எடுத்துக்கொள்ளுங்கள், உங்கள் அப்பரைக் கொடுங்கள் என்று கேட்டால் மறுக்கிறவர் அபூர்வம். அப்பரைக் கொடுத்து லோயரைக் கேட்டால் பெற்ற தாயும் யோசிப்பாள்.

கோவை நண்பர்கள் ஏறும்போது பொழுது விடிந்திருக்காது. பெட்டி முழுக்கத் தூங்கும். ‘மச்சான்!’ என்று கத்திக்கொண்டு விளக்கைப் போடாதீர்கள். இரவு 10 முதல் காலை 6 வரை தூங்கும் நேரம், மிடில் பெர்த் விரித்திருக்கும். அடுத்த மூன்று நாள் அதே ஆட்களின் முகத்தில்தான் விழிக்கப் போகிறோம் என்பதை நினைவில் வைத்தால் போதும்.

சாப்பாட்டில் நாங்கள் தப்பு செய்தோம். பேன்ட்ரி இருக்கிறதே என்று அசட்டையாக ஏறினோம். ஆறு வேளை ஒரே பருப்பும் ஒரே சப்பாத்தியும் தின்ற பிறகு ஏழாவது வேளைக்கு அந்த அலுமினியத் தட்டைப் பார்த்தாலே வயிறு நிறைந்துவிட்டது. உங்களுக்குச் சொல்வது: முதல் இரவுக்கும் மறுநாள் மதியம் வரைக்கும் வீட்டுச் சாப்பாடு. மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தடவிய இட்லி, அப்புறம் புளிசோறு. தயிர்சாதத்தை இரவோடு முடித்துவிடுங்கள், மறுநாளைக்கு வைத்தால் அது உங்களைப் பழிவாங்கும். அதற்குப் பிறகு பிஎன்ஆர் எண்ணை வைத்து முன்கூட்டியே சொன்னால் பெரிய ஸ்டேஷன்களில் இருக்கைக்கே கொண்டுவந்து தரும் ரயில்வேயின் இ-கேட்டரிங்கைப் பயன்படுத்துங்கள். விஜயவாடாவிலும் புவனேஸ்வரத்திலும் ஒவ்வொரு வேளை அப்படி வாங்கினால் நாக்கு பிழைக்கும். வண்டி தாமதமானால் அதுவும் தள்ளிப்போகும், அதனால் முறுக்கு, தட்டை, வாழைப்பழம் கையிருப்பு இருக்கட்டும். கரண்ட் கெட்டிலைக் கொண்டுவந்து நூடுல்ஸ் போடும் யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள். வண்டியின் பிளக் செல்போனுக்கும் லேப்டாப்புக்கும் மட்டும்தான், மீறினால் நடவடிக்கை வரும்.

மற்றபடி வருகிறதைச் சாப்பிடுங்கள். ஒடிசாவில் வெல்லமோ சர்க்கரையோ சேர்த்துச் சுட்ட பாலாடைக்கட்டி, சென்னா போடா என்பார்கள், அடிப்பிடித்த பால்கோவாவின் வாசனை வரும். வங்கத்துக்குள் நுழைந்ததும் ஜால்முரிக்காரர் வருவார். பொரி, வெங்காயம், பச்சைமிளகாய், தேங்காய்ச் சில்லு, மேலே பச்சைக் கடுகெண்ணெய். அந்தக் கடுகெண்ணெய் வாசனை முதல் வாய்க்கு மூக்கில் ஏறும், மூன்றாவது வாய்க்கு இன்னொரு பொட்டலம் கேட்பீர்கள். எலுமிச்சையும் கறுப்பு உப்பும் போட்ட லெபு சா என்ற டீ, பிறகு அசாமில் பால் சேர்க்காத லால் சா. பத்து, இருபது ரூபாய்த் தாள்கள் நிறைய வேண்டும். சிக்னல் இல்லாத இடத்தில் செல்போன் பணம் வேலை செய்யாது. ஏழு பேரும் முதலிலேயே ஆளுக்கு ஒரு தொகை போட்டு ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள், யார் டீக்கு யார் கொடுத்தது என்ற கணக்கே வரக்கூடாது.

நண்பர்கள் பயணம் என்றதும் வரும் இன்னொரு யோசனைக்கும் இப்போதே பதில் சொல்லிவிடுகிறேன். வண்டியில் குடிப்பது எங்கே ஆனாலும் ரயில்வே சட்டப்படி குற்றம். அதற்கு மேல், இந்த வண்டி கிஷன்கஞ்ச் வழியாக பீகாரைத் தொட்டுப் போகிறது, திமாப்பூர் வழியாக நாகாலாந்தையும் தொடுகிறது. பீகாரில் 2016 முதல் முழு மதுவிலக்கு, நாகாலாந்தில் 1989லிருந்தே மதுவிலக்குச் சட்டம். பையில் ஒரு பாட்டில் அகப்பட்டால் பயணம் அங்கேயே முடியும். ஏழு பேரில் யாராவது ஒருவர் ‘யாருக்குத் தெரியப் போகுது’ என்பார். அவரிடம் இதைப் படித்துக் காட்டுங்கள்.

இனி வழி. தமிழ்நாடு, கேரளம், மறுபடி தமிழ்நாடு, ஆந்திரம், ஒடிசா, மேற்கு வங்கம், ஜார்க்கண்டின் ஒரு மூலை, பீகாரின் ஒரு மூலை, அசாம், நாகாலாந்தின் ஓரம் என்று ஒன்பது மாநிலம். ஆனால் எல்லா அழகும் பகலில் வராது. கேரளம் முழுக்க முதல் இரவில் போய்விடும். ராஜமுந்திரியில் கோதாவரிப் பாலம், வில் வில்லாக வளைந்து இரண்டரை கிலோமீட்டருக்கு மேல் நீளும், அதுவும் இரவில்தான். தூங்காமல் விழித்திருந்தால் சத்தம் மாறுவதில் தெரியும். தண்டவாளத்தின் தடதடப்பு திடீரென்று உள்ளீடற்றுப் போய், கீழே ஒன்றுமில்லை என்று காலுக்குத் தெரியும்.

மூன்றாம் நாள் விழிக்கும்போது நீங்கள் படுத்த திசைக்கு எதிர்ப்பக்கமாக வண்டி ஓடிக்கொண்டிருந்தால் பதறாதீர்கள். விசாகப்பட்டினம் ஸ்டேஷனுக்குள் போய் வெளியேறும் வடக்கு வண்டிகள் இன்ஜினை மறுமுனையில் மாட்டிக்கொண்டு கிளம்பும். அன்று காலைதான் என் கணக்கில் இந்தப் பயணத்தின் முதல் பெரிய காட்சி. பெர்ஹாம்பூர் தாண்டியதும் வண்டி போகும் திசைக்கு வலப்பக்கம் சில்கா ஏரி வரும். கடலோடு சேர்ந்த உப்பேரி அது, மறுகரை தெரியாது. தண்ணீர் எங்கே முடிந்து வானம் எங்கே தொடங்குகிறது என்று பிடிபடாத வெளிர்நிறம், நடுவில் மூங்கில் நட்ட மீன்வலைகள். நவம்பரில் போனால் வடக்கிலிருந்து வந்த பறவைகள் கூட்டமாக இறங்கியிருக்கும். இடப்பக்கம் உட்கார்ந்தவர் மலையைத்தான் பார்ப்பார், அதனால் முன்பே இடத்தைப் பிடியுங்கள்.

கட்டக்கில் மகாநதி, பிறகு கரக்பூர். கல்கத்தாவை எட்டிப் பார்த்துவிடலாம் என்று யாராவது கணக்குப் போட்டிருந்தால் நடக்காது. வண்டி ஹவுராவுக்கும் சியால்டாவுக்கும் போகாமல் சுற்றிக்கொண்டு வடக்கே போய்விடும். அன்றிரவு கங்கை. ஃபராக்கா அணையின் மேலேயே தண்டவாளமும் சாலையும் போகின்றன, இரண்டு கிலோமீட்டருக்கு மேல் மதகு மதகாக மஞ்சள் விளக்கு. 1975இல் முடித்த அணை. வண்டி மெதுவாகத்தான் போகும். கதவைத் திறந்து நிற்கத் தோன்றும். நானும் அந்த வயதில் நின்றவன்தான், ஆனாலும் நிற்காதீர்கள் என்றே சொல்வேன். படியில் நின்று செல்போனைப் பறிகொடுத்தவர்களையும் தெரியும், அதற்கு மேல் பறிகொடுத்தவர்களையும் தெரியும்.

நான்காம் நாள் விடியும்போது வடக்கு வங்கத்தில் இருப்பீர்கள். நேபாளத்துக்கும் வங்கதேசத்துக்கும் இடையில் நாடு 20 கிலோமீட்டர் சொச்ச அகலத்துக்குச் சுருங்குவது இங்கே நியூ ஜல்பாய்குரிப் பக்கத்தில்தான். வண்டியிலிருந்து பார்த்தால் வயலும் குளமும் பாக்குமரமும்தான், நம் கன்னியாகுமரி மாவட்டத்துக் கிராமம் மாதிரியே இருக்கும். எல்லைக்கு எல்லை இவ்வளவு கிட்டே என்று வரைபடம் சொன்னால்தான் தெரியும். வடக்கு வங்கத்திலும் அசாமிலும் காட்டு ஓரங்களில் வண்டி ஊர்ந்தால் திட்டாதீர்கள், யானை கடக்கும் வழிகள் அவை. வாளையாறு பக்கத்தில் யானைகள் வண்டியில் அடிபடும், நமக்குத் தெரிந்த கதைதான். குவஹாத்திக்கு முன்னால் பிரம்மபுத்திரா. அதை ஆறு என்று எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது. தாமிரபரணியை ஆறு என்று பழகிய கண்ணுக்கு அது வேறு ஏதோ.

குவஹாத்திக்குப் பிறகு வண்டி காலியாகும். அதற்கு அப்புறம்தான் தேயிலைத் தோட்டங்கள், மலைகள், திமாப்பூர். ஆனால் ஒரு விஷயம்: வடகிழக்கில் சூரியன் நமக்கு முன்னால் வருகிறது, முன்னால் போகிறது. நவம்பர், டிசம்பரில் சாயங்காலம் நாலரை மணிக்கு இருட்டிவிடும். பழைய தேயிலைத் தோட்டங்களில் ‘பாகான் நேரம்’ என்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் வைத்துக்கொள்வது இதற்காகத்தான். எனவே கடைசி நாலைந்து மணி நேரம் கண்ணாடியில் உங்கள் முகத்தைத்தான் பார்ப்பீர்கள்.

இறங்கி ஏறுவது பற்றிக் கேட்டீர்கள். ஒரே டிக்கெட்டில் நினைத்த இடத்தில் இறங்கி, இரண்டு நாள் கழித்து அடுத்த வண்டியில் அதே பெர்த்தைக் கேட்க முடியாது. நீண்ட தூர டிக்கெட்டுக்கு ‘பிரேக் ஜர்னி’ விதி உண்டு, 500 கிலோமீட்டர் கடந்த பிறகு இறங்கலாம், 1,000 கிலோமீட்டருக்கு மேல் இரண்டு முறை. ஆனால் அடுத்த வண்டிக்கு இடம் நாம்தான் தனியாக வாங்க வேண்டும். இணைய டிக்கெட்டில் இதை இழுத்துப் போட்டுக்கொள்வதைவிட இரண்டு துண்டு டிக்கெட் எடுப்பது நிம்மதி. முழுச் சுற்றாக, கிளம்பிய ஊருக்கே திரும்பி வரும்படி திட்டமிட்டால் சர்குலர் ஜர்னி டிக்கெட் என்று ஒன்று இருக்கிறது. எட்டு இடம் வரை இறங்கலாம், முழுத் தூரத்துக்கும் சேர்த்து, தூரம் கூடக்கூடக் குறையும் அந்த விகிதத்தில் கட்டணம். பெரிய ஸ்டேஷனில் நேரில் போய் வழித்தடத்தை எழுதிக் கொடுத்துத்தான் வாங்க வேண்டும், கொஞ்சம் அலைச்சல்.

என்னைக் கேட்டால் பத்து நாள் விடுப்பு இருந்தால் நியூ ஜல்பாய்குரி வரை ஒரு டிக்கெட். அங்கே இறங்கி டார்ஜிலிங்கில் இரண்டு நாள், 1881இல் போட்ட சின்ன ரயில் இன்னும் ஓடுகிறது. அப்புறம் இன்னொரு வண்டியில் பகலாகப் பார்த்து அசாம். ஆனால் ‘இந்தியாவின் நீளமான வண்டியில் முழுசாகப் போனோம்’ என்று சொல்லிக்கொள்வதில் ஒரு ருசி இருக்கிறது, இருபத்து சொச்ச வயதில் அது பெரிய ருசி. அதைத் தடுக்க மாட்டேன். திரும்புவதை மட்டும் ரயிலில் வைக்காதீர்கள். திப்ருகரிலும் குவஹாத்தியிலும் விமான நிலையம் உண்டு. அதே வழியில் இன்னொரு 75 மணி நேரம் தண்டனைதான்.

இப்போது சலிப்பு. எங்கள் ஆறு பேரும் முதல் ஒன்றரை நாள் பழைய கதைகளைப் பேசித் தீர்த்தோம். நாகர்கோவில்காரர்களாச்சே, சீட்டுக்கட்டை எடுத்து இருபத்தெட்டு ஆடினோம். நான்கு பேர்தான் ஆட முடியும், இரண்டு பேர் எப்போதும் வெளியே. மூன்றாம் நாள் மதியம் யார் எத்தனை ஆட்டம் உட்கார்ந்தான் என்பதில் வார்த்தை தடித்தது. நாற்பது வயது ஆட்கள். அதில் ஒருவன் கோபித்துக்கொண்டு அடுத்த தடுப்பில் போய் உட்கார்ந்தான். அங்கே அசாமின் நகாவ் பக்கத்து இளைஞன் ஒருவன் இருந்தான், திருப்பூரில் ஆறு வருடமாகக் கட்டிங் மாஸ்டர். நம்மாள் தயங்கித் தயங்கி இந்தியில் ஏதோ கேட்க, அவன் ‘தமிழ்லயே பேசுங்ணா, ஏனுங்க சிரமப்படறீங்க’ என்றான். சுத்தமான கொங்குத் தமிழ்.

அதற்குப் பிறகு சீட்டுக்கட்டை யாரும் எடுக்கவில்லை. அவன் கைக்குழந்தையாக விட்டுவந்த பெண்ணுக்கு இப்போது இரண்டு வயது, செல்போனில்தான் அப்பாவைத் தெரியும். திருப்பூரில் வாங்கிய பிராக்குகள் ஒரு பை நிறைய. அளவு சரியாக இருக்குமா என்று எங்கள் ஆறு பேரிடமும் தனித்தனியாகக் கேட்டான். பெண் குழந்தை வளர்த்த ஒருவன் மட்டும், இரண்டு பிராக் அளவில் பெரிதாக இருக்கும் என்றான். அவன் முகம் வாடியதைப் பார்த்து உடனே, குளிருக்கு உள்ளே ஒன்று போட்டால் சரியாகிவிடும் என்று மாற்றிச் சொன்னான். எந்த ஸ்டேஷனில் எந்தப் பக்கம் டீ நன்றாக இருக்கும், எங்கே பையைக் காலுக்குக் கீழே இழுத்து வைக்க வேண்டும், எங்கே பகலில் டிக்கெட் இல்லாதவர்கள் ஏறி ஓரமாக உட்காருவார்கள், அவர்களிடம் சண்டை போடாமல் அரை அடி நகர்ந்தால் ஒரு மணி நேரத்தில் இறங்கிவிடுவார்கள் என்பதெல்லாம் அவன் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும்.

எனவே ஏழு பேர் வட்டமாக உட்கார்ந்து வெளியே முதுகைக் காட்டிக்கொண்டு போகாதீர்கள். சத்தமாகப் பாட்டுப் போட்டால் பக்கத்தில் யாரும் பேச வரமாட்டார்கள். தினமும் மதியம் இரண்டு மணி நேரம் ஆளுக்கு ஒரு மூலைக்குப் போய்விடுவது என்று முன்பே பேசி வையுங்கள். தூங்குகிறவர் தூங்கட்டும், படிக்கிறவர் படிக்கட்டும். அப்படிப் பேசி வைக்காமல் ஒருவன் மட்டும் விலகிப் போனால் அது கோபம் என்று ஆகிவிடும்.

சில்லறை விஷயங்களை வேகமாகச் சொல்லி முடிக்கிறேன். பெட்டியை லோயர் பெர்த்துக்குக் கீழே உள்ள வளையத்தில் சங்கிலி போட்டுப் பூட்டுங்கள். டீக்கு இறங்கினால் இரண்டு பேர் மட்டும், வண்டி நகர்ந்தால் எந்தப் பெட்டியானாலும் ஏறிவிட்டு உள்ளே நடந்து வர வேண்டும். எங்களில் ஒருவன் தன் பெட்டியைத் தேடி நடைமேடையில் ஓடினான், ஏறிவிட்டான், ஆனால் அந்த நிமிடத்தை இப்போது நினைத்தாலும் வயிறு கலங்குகிறது. கழிப்பறையில் தண்ணீர் தீர்ந்தாலோ, உடம்புக்கு முடியாமல் போனாலோ, யாராவது தொல்லை கொடுத்தாலோ ரயில்வே உதவி எண் 139. பெட்டி எண்ணோடு சொன்னால் அடுத்த பெரிய ஸ்டேஷனில் ஆள் வருவார்கள். இறங்கியபின் அருணாசலப் பிரதேசத்துக்குப் போகும் எண்ணம் இருந்தால் உள்நுழைவு அனுமதி வேண்டும், ஊரிலிருந்தே இணையத்தில் எடுத்துவிடுங்கள்.

திப்ருகரில் ஒரு நாளாவது தங்குங்கள். போகிபீல் பாலம் பக்கத்தில்தான், கிட்டத்தட்ட ஐந்து கிலோமீட்டர் நீளம், கீழே ரயில் மேலே சாலை, 2018 டிசம்பரில் திறந்தது. பகலில் நடுப்பாலத்தில் வண்டியிலிருந்து பிரம்மபுத்திராவைப் பார்த்தால் முந்தின நாள் இருட்டில் விட்டதெல்லாம் ஈடாகிவிடும். அறையை முன்பே பதிவு செய்துவிடுங்கள். வண்டி சேர இரவு ஒன்பது ஆகலாம், தாமதமானால் பத்தும் பதினொன்றும். ஸ்டேஷன் ஊருக்குச் சற்று வெளியே, அங்கே அந்நேரம் நள்ளிரவு மாதிரி, கடைகள் சாத்தியிருக்கும். ஒரு பொட்டலம் முறுக்கை அந்த இரவுக்கென்று யார் கண்ணிலும் படாமல் ஒளித்து வையுங்கள். நாங்கள் வைக்கவில்லை. ஆறு பேரும் பச்சைத் தண்ணீரைக் குடித்துவிட்டுத்தான் படுத்தோம்.